போட் கீ: மூட்டை இறங்கிய தெருவில் பார்த்ததும் கேட்டதும்

சிங்கப்பூர் ஆற்றங்கரைத் தெருவான போட் கீ பற்றிப் பேச்சு வந்ததால் என் பங்குக்கு ஒன்று. ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் வேலை பார்த்தபோது மதியச் சாப்பாட்டுக்கு அந்த வழியாகத்தான் போவேன். ஆற்றோடு வளைந்து போகும் பழைய கடைவீடுகள், கீழ்த்தளம் முழுக்க மதுக்கூடமும் கடலுணவுக் கடையும். கரையோரம் ஒரு வெண்கலச் சிலைத் தொகுப்பு உண்டு: வெள்ளைக்கார வணிகர், சீன வியாபாரி, மலாய்த் தலைவர் மூவரும் பேசிக்கொண்டிருக்க, பக்கத்தில் ஓர் இந்தியரும் சீனர்களும் மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றுவார்கள். படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு சீனப் பெரியவர் மலாயில், "தம்பி, மூட்டையை இப்படிப் பிடித்தால் முதுகு போய்விடும்" என்றார்.

அந்த அங்கிள் தொங்கானில், அதாவது சரக்குப் படகில், வேலை பார்த்தவராம். கப்பல் வெளியே கடலில் நிற்கும். அரிசி, ரப்பர் எல்லாம் தொங்கானில் இறங்கி ஆற்றுக்குள் வரும். படகிலிருந்து கரைக்கு ஒரு ஒடுக்கமான பலகை. அதில்தான் மூட்டையோடு நடக்க வேண்டும். அவர் அப்பா காலத்தில் ஒரு மூட்டைக்கு ஒரு குச்சி கொடுப்பார்களாம், சாயங்காலம் குச்சியை எண்ணிக் கூலி. குச்சியைத் தொலைத்தால் சுமந்த கூலியும் போச்சு.

பழைய நாளை நினைத்து உருகுவார் என்று பார்த்தால் மனிதர் அசையவில்லை. "ஆறு நாறியது. அதற்காக யார் அழுவது?" என்றார். அவர் கணக்கில் வேலையைத் தின்றது ஆற்றுத் துப்புரவு இல்லை, கொள்கலன் என்கிற பெட்டி. 1972இல் தஞ்சோங் பகாரில் கொள்கலன் முனையம் வந்ததும் ஆற்றில் சரக்கு குறைய ஆரம்பித்துவிட்டது. 1977இல் பிரதமர் லீ குவான் யூ பத்து வருடத்தில் ஆறு சுத்தமாக வேண்டும் என்றார்; 1983இல் தொங்கான்களைப் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பினார்கள்; 1987இல் சொன்னபடி ஆறு சுத்தமாகிவிட்டது. 1989இல் கடைவீடுகளுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. சுவரையும் கூரையையும் காப்பாற்றினார்கள், அது பெரிய விஷயம்தான். சுமந்தவர்களுக்கு இடம் சிலையில் மட்டும்.

இன்னொன்று. சீனர்கள் கைக்கு வருவதற்கு முன் இந்தப் படகுத் தொழிலில் முன்னால் நின்றவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள், நம் தமிழ் முஸ்லிம்கள். பின்னால் இருக்கும் சூலியா ஸ்திரீட்டில் நின்று எத்தனை தடவை டாக்சி பிடித்திருப்போம்!

*

மேலே எழுதிய அண்ணனுக்கு நன்றி. சூலியா ஸ்திரீட்டுக்குப் பக்கத்து மார்க்கெட் ஸ்திரீட்டில்தான் எங்கள் ஐயா (அப்பாவைப் பெற்றவர்) இருந்தார். செட்டிநாட்டிலிருந்து கொண்டுவிற்க (கடல் கடந்து தொழில் செய்ய) போனவர், எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, மேலாளுக்கு அடுத்த நிலையான அடுத்தாளாக ஊர் திரும்பினார். கிட்டங்கி என்பது செட்டியார்கள் சேர்ந்து வட்டித்தொழில் நடத்திய கூடம்; அதில் ஆளுக்கு ஒரு பெட்டியடி, அதாவது பணப்பெட்டி வைத்து உட்காரும் இடம். பகலில் அங்கேயே கணக்கு, இரவில் அங்கேயே தூக்கம். ஆற்றில் இறங்கிய சரக்குக்குப் பணம் புரட்டிய வியாபாரிகள் பலர் அங்கே படியேறியிருக்கிறார்கள். போன முறை மகளைக் கூட்டிக்கொண்டு போய்த் தேடினேன். கிட்டங்கி இருந்த இடமெல்லாம் இப்போது உயரக் கட்டடங்கள். ஒரு காவலாளியிடம் கேட்டேன், பாவம், கார் நிறுத்துமிடத்துக்கு வழி காட்டினார். கரையில் இருந்த கடைவீடு பிழைத்தது, நாலடி தள்ளி இருந்த கிட்டங்கி பிழைக்கவில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

*

என் பங்குக்கு நானும் ஒன்று. நான் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு இதே ஆற்றில் படகில் ஏறினோம். இப்போது ஓடுவது பயணிகளுக்கான படகு. முகப்பில் மட்டும் பழைய மாதிரியே கண் வரைந்திருக்கிறார்கள். கெவனா பாலத்துக்கு அடியில் போகும்போது ஒரு நண்பர் கேட்டார், இவ்வளவு தாழ்வாக ஏன் கட்டினார்கள் என்று. அந்தக் காலத்தில் ஓதம் (கடல்நீர் மட்டம்) ஏறினால் சரக்குப் படகுகள் அடியில் நுழைய முடியாமல் காத்துக் கிடந்தனவாம். 2008இல் கடல்நீரைத் தடுக்கும் மரினா அணை வந்தபின் ஆறு நன்னீர்த் தேக்கமாகிவிட்டது, அந்தத் தொல்லை இல்லை.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். சாயங்காலம் என்றால் உணவுப் பட்டியலை நீட்டிக்கொண்டு ஆட்கள் வழிமறிப்பார்கள், கட்டடத்தை நிமிர்ந்து பார்க்கவே விடமாட்டார்கள். அப்புறம், அங்கே சாப்பிட உட்காருவதற்கு முன் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.