கஜா புயல் போன பிறகு அப்பா தோப்புப் பக்கமே போகவில்லை

பேராவூரணி மகள் (பிப்ரவரி 2019):
எங்களுக்கு இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு. நவம்பர் 16 நள்ளிரவு தாண்டி கஜா கரையேறியபோது 143 மரம் இருந்தது. விடிந்து பார்த்தால் 19 நின்றது. பாதி மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது, மீதி நடுவில் முறிந்து கிடந்தது. அன்றைக்கு வரப்பில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியவர்தான் அப்பா. மூன்று மாதமாகத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார். ஆள் விட்டு மரத்தை அறுக்கலாமா என்றால் "கெடக்கட்டும்" என்கிறார். அரசாங்கம் மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500 என்று 1,100 ரூபாய் கொடுத்தது. பணம் வந்துவிட்டது என்று சொன்னதும் எழுந்து உள்ளே போய்விட்டார். அவருக்கு வயது 61. "இனிமே நட்டு நான் காய் பாக்கவா?" என்று ஒரே ஒருமுறை கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மகளாக நான் அவரிடம் எப்படிப் பேசுவது?

ஒரத்தநாட்டுக்காரன்:
அம்மா, எனக்கு 210 மரம் போனது. நானும் 40 நாள் போகவில்லை, அதனால் சொல்கிறேன். ஆறுதல் சொல்லாதீர்கள். பணத்தைப் பற்றியும் பேசாதீர்கள். என் மனைவி சொன்னது ஒன்றுதான்: "நிக்கிற மரத்துல வண்டு ஏறுது." விழுந்த மரம் மட்கினால் காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டையிடும். அப்புறம் பறந்து போய் நிற்கிற மரத்தின் குருத்தைக் குடையும். அடுத்தது சிவப்புக் கூன்வண்டு. அது மரத்தையே கொன்றுவிடும். போன 124 மரத்துக்கு உங்கள் அப்பாவால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த 19 மரத்துக்கு இன்றைக்கு அவர் வேண்டும். அதைச் சொல்லிப் பாருங்கள்.

மரத்தை நான் செங்கல் சூளைக்குத்தான் கொடுத்தேன், கேட்ட விலைக்கு. முதல் மரம் லாரியில் ஏறியபோது என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஆனால் தரை தெரிந்ததும் உளுந்து விதைக்கத் தோன்றியது. முப்பது வருஷமாக வெயில் படாத மண் அது. நன்றாக முளைத்தது.

நடுவதை இப்போதே பேச வேண்டாம். அவராகக் கேட்டால், நெட்டை ரகத்துக்குத்தான் ஆறேழு வருஷம், நெட்டை-குட்டை ஒட்டு நாலைந்து வருஷத்தில் பாளை விடும் என்று சொல்லுங்கள். வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கம்தான். அவரையே கூட்டிப் போய்க் கேளுங்கள்.

வேதாரண்யம் அக்கா:
தங்கச்சி, அப்பா சரியாகச் சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா? அதை எழுதவில்லையே. எங்கள் சித்தப்பா புயலுக்குப் பிறகு ராத்திரியெல்லாம் விழித்தே கிடந்தார். காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் எழுந்து வாசலுக்கு ஓடுவார். காலம் போனால் சரியாகும் என்று நாங்கள் விட்டது தப்பு. அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்த்த பிறகுதான் தூங்கினார். அரசின் 104 மருத்துவ உதவி எண்ணுக்கு போன் செய்தாலும் பேசுவார்கள். அப்பாவைத் தனியாக விடாதே.

பேராவூரணி மகள் (ஏப்ரல் 2019):
அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. அப்பா சரியாகத் தூங்கவில்லை என்பதை அக்கா கேட்ட பிறகுதான் கவனித்தேன். டாக்டரிடம் இரண்டு முறை போய் வந்தோம்.

வண்டு விஷயத்தைச் சொன்ன அன்றைக்கு அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடியற்காலை திண்ணையில் ஆள் இல்லை. பயந்து ஓடினேன். தோப்பில் நின்று ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாலு மரத்தில் ஓலை கத்தரித்த மாதிரி இருந்தது. ஆள் ஏற்றிக் கம்பியால் வண்டை எடுத்து, வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் கலந்து மட்டை இடுக்கில் போடச் சொன்னார்.

விழுந்ததில் பெரும்பகுதி சூளைக்குப் போய்விட்டது. நான் பிறந்த வருஷம் நட்ட வரிசையை மட்டும் யாரையும் தொட விடவில்லை. அதைத் தானே அறுக்கிறார், ஒரு நாளைக்கு ஒரு மரம். நேற்று ஆறாவது. நான்தான் மறுபக்கம் ரம்பம் பிடித்தேன்.