புதுப்பிப்பு: மாமாவின் பழைய ரம்பம் யார் தயாரிப்பு?

சிங்கப்பூர் செம்பவாங் கடற்படைத் தளத்தில் தச்சு வேலை பார்த்த மாமாவின் கை ரம்பத்தைப் படம் போட்டு, யார் தயாரிப்பு என்று கேட்டிருந்தேன். கைப்பிடியில் இருந்த பித்தளை வில்லையில் 'வாரன்டட் சுப்பீரியர்' (உயர்தரத்துக்கு உத்தரவாதம்) என்று மட்டும் இருந்தது. பல கம்பெனிகள் அதே வாசகத்தைப் போட்டதால் அதை நம்ப வேண்டாம், ரம்பத் தகட்டில் பெயரைத் தேடுங்கள் என்று ஓர் அண்ணன் எழுதினார். நல்ல யோசனை.

மரக்கட்டையில் 400 நம்பர் உப்புத்தாளைச் சுற்றி, டர்பன்டைன் தொட்டு, தகட்டின் நீளவாக்கில் மெதுவாகத் தேய்த்தேன். விரலால் அழுத்தித் தேய்த்தால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். தட்டையான கட்டை என்றால் பொறித்த பள்ளத்தை அதிகம் தொடாது. துரு பழுப்புக் குழம்பாக வழிந்ததும், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். முதலில் மங்கலாக 'ஜாக்சன்'. அப்புறம் அதற்கு முன்னால் 'ஸ்பியர் அண்ட்'. அடியில் 'ஏட்னா ஒர்க்ஸ், ஷெஃபீல்ட்'.

ஆக, 1760இல் தொடங்கிய ஸ்பியர் அண்ட் ஜாக்சன்தான். ஏட்னா ஒர்க்ஸ் அவர்களுடைய ஆலை. அமெரிக்க ரம்பக் கம்பெனியான டிஸ்டன் என்று அடித்துச் சொன்னவர்கள் ஆளுக்கொரு கோப்பி-ஓ (பால் இல்லாத காப்பி) வாங்கித் தரலாம்! 1968 வரை பிரிட்டிஷ்காரர்கள் நடத்திய கப்பல் பட்டறையில் இங்கிலாந்து ரம்பம் புழங்கியதில் ஆச்சரியமில்லை.

இந்த ஊர் ஈரக்காற்றுக்குப் பயந்து உடனே எண்ணெய் பூசிவிட்டேன். பல் தீட்ட முக்கோண அரம் வேண்டும். தேக்கா பக்கம் எந்தக் கடையில் கிடைக்கும்?