60 ரூவா புத்தகத்துக்கு 80 ரூவா கூரியர்! பழைய புத்தகம் ஆன்லைன்ல விக்கிறவங்க தபால் செலவ எப்படி சமாளிக்கீங்க?

கல்குளத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். நான் தக்கலை பக்கம். அப்பா வாத்தியாரா இருந்தவரு, போன வருசம் தவறிட்டாரு. மச்சு முழுக்க அவரு வாங்கி வச்ச புத்தகம், எண்ணிப் பாத்தா 600க்கு மேல வருது. வீட்ட இடிச்சுக் கட்டப் போறோம், வைக்க இடம் கிடையாது. பழைய பேப்பர்காரர் வந்து எடைக்கு கேட்டாரு, அம்மா ஒரே பிடியா முடியாதுன்னுட்டா, அவரு வாசல விட்டு இறங்குற வரைக்கும் முறைச்சுக்கிட்டே நின்னா.

சரி, ஆன்லைன்ல வித்துப் பாப்போம்னு பேஸ்புக் குரூப்ல போட்டோ எடுத்துப் போட்டேன். தபால் செலவும் விலையிலயே அடக்கம்னு எழுதினேன் பாருங்க, அங்கதான் பிடிச்சுது சனி. 9 புத்தகம் வித்துச்சு, 9ம் வேற வேற ஆளுக்கு. ஒரு நாவல் 60 ரூவா, கோயம்புத்தூருக்கு அனுப்ப கூரியர்ல 80 வாங்கிட்டாங்க. மொத்தமா 740 ரூவா ஜிபேல வந்துச்சு, அனுப்பின செலவு 690, அதுக்கு மேல டேப்பு, கவரு, ஒவ்வொரு தடவையும் தக்கலைக்கு பஸ்சு. ஒரு பார்சல் மழையில நனைஞ்சு போயி வாங்கினவரு போட்டோ அனுப்பினாரு, புத்தகம் அப்பளம் மாதிரி நெளிஞ்சு கிடக்கு, அவருக்கு பைசாவ திருப்பிக் குடுத்துட்டேன். கணக்க கேட்டுட்டு அம்மா சொல்லுதா, இதுக்கு ஓசியாவே குடுத்திருக்கலாமே மக்கா, நாலு பேரு உன்ன வாழ்த்தவாவது செய்வானுவ.

தபால் காசு தனின்னு போட்டா ஆளு ஓடிப்போறான், சேத்துப் போட்டா என் கை கடிக்குது. முன்ன புக் போஸ்ட்னு ஒண்ணு மலிவா இருக்கும், அப்பாவே அனுப்புவாரு, இப்ப கேட்டா அது நின்னு போச்சுன்னாங்க. நீங்கல்லாம் எப்படி அனுப்புதீங்க? இன்னொண்ணு, தாத்தா மலையாளத்துல படிச்சவரு, அவரு மலையாள புத்தகம் ஒரு 40 கிடக்கு, அத யாரு வாங்குவா?

வடசேரி பொஸ்தகம்:
நான் நாலு வருசமா நாகர்கோவில்ல இருந்து இதே வேலைய பாக்குதேன், பெரிய வருமானம் ஒண்ணும் கிடையாது, பெட்ரோல் காசு வரும். மொதல்ல கூரியர மறந்துருங்க, துணிமணி அனுப்புறவனுக்கு அது கட்டும், 60 ரூவா நாவலுக்கு கட்டாது.

பழைய புக் போஸ்ட் 2024 டிசம்பரோட போச்சு, அது நிஜம். ஆனா 2025 மே 1ல இருந்து அதுக்கு பதிலா கியான் போஸ்ட்னு ஒண்ணு வந்துருக்கு, ஞான் போஸ்ட்னும் எழுதுறாங்க. கவுண்டர்ல அந்தப் பேரச் சொல்லிக் கேளுங்க, சும்மா பார்சல்னு நீட்டினா பார்சல் ரேட்டுதான் போடுவாங்க. 300 கிராம் வரைக்கும் 20 ரூவா, அரை கிலோவுக்கு 25, ஒரு கிலோவுக்கு 35, ரெண்டு கிலோவுக்கு 50, அப்படியே ஏறி 5 கிலோவுக்கு 100. வரி தனி. கோட்டாறுக்கும் டெல்லிக்கும் ஒரே ரேட்டு, எடை மட்டும்தான் கணக்கு. பார்சல் எங்க நிக்குதுன்னு நம்பர் போட்டு பாத்துக்கவும் செய்யலாம்.

இப்ப கணக்க பாருங்க. 300 கிராம் புத்தகம் ஒண்ண 20 ரூவாக்கு அனுப்பினா கிலோவுக்கு 66 ரூவா விழுது. அதே 5 கிலோ கட்டா அனுப்பினா கிலோவுக்கு 20தான். நீங்க 9 புத்தகத்த 9 பேருக்கு அனுப்பிட்டு அழுதா எப்படி? புத்தகத்த பாத்து விலை போடாதீங்க, கட்டப் பாத்து போடுங்க. நான் ஒத்த புத்தகம் 150க்கு கீழ விக்கவே மாட்டேன். அதுக்கு கீழ உள்ளத மூணு நாலா கட்டி விப்பேன், நாவல் கட்டு, சமையல் கட்டு, பரீட்சை கைடு கட்டு. கைடு மட்டும் பழசாகுறதுக்கு முன்னாலயே வித்துத் தள்ளிருங்க, சிலபஸ் மாறினா அப்புறம் பேப்பர்காரருதான்.

வீட்டுல அடுக்களை தராசு ஒண்ணு வாங்கி வைங்க, கட்டி முடிச்ச பிறகு எடை போடணும். நாவல் 480 கிராம்தானேன்னு 25 ரூவா வாங்கிட்டு போவீங்க, அட்டையும் டேப்பும் சேந்து 520 காட்டும், 35 குடுன்னுவாங்க. நான் கனத்த அட்டப்பெட்டி வைக்கறதே இல்ல, பழைய தினசரி காலண்டர் அட்டை முன்னும் பின்னும் வச்சு கட்டுவேன், மூலை மடங்காது. ஜனவரி பொறந்ததும் எந்த வீட்டுல கேட்டாலும் போன வருச அட்டைய சும்மா தருவாங்க.

மழை விசயம். நமக்கு ஜூன்லயும் மழை, ஐப்பசி கார்த்திகையிலயும் மழை, ரெண்டு பருவமும் இங்க வந்துட்டுதான் போவும். அதனால மொதல்ல பிளாஸ்டிக் கவர்ல போட்டு வாய டேப்பால ஒட்டி, அதுக்கு மேல அட்டை, அதுக்கு மேல தாளு. வெளிய மட்டும் பிளாஸ்டிக் சுத்தினா போதும்னு நினைக்காதீங்க, ஓரத்துல ஒரு கீறல் விழுந்தா உள்ள இறங்கின தண்ணி வெளிய வராது.

தபால்ல இருந்தவன்:
தம்பி, வடசேரிக்காரர் சொன்ன ரேட்டு சரி. நான் கவுண்டர்ல உக்காந்து ரிட்டயர்டு ஆனவன், அதனால சில விசயம் சேத்து சொல்லுதேன். கியான் போஸ்ட் டிபார்ட்மென்ட் ஆபீஸ்கள்லதான், கிராமத்து பிராஞ்ச் ஆபீஸ்ல கொண்டு நீட்டிட்டு அந்த அம்மாட்ட சண்டை போடாதீங்க. ஹெட் ஆபீஸ் இல்லன்னா சப் ஆபீஸ் போங்க, தக்கலைக்கு போறவருக்கு அந்த கஷ்டம் இல்ல.

அச்சடிச்ச புத்தகமா இருக்கணும், அதுல அச்சிட்டவர் பேரோ பதிப்பகத்தார் பேரோ இருக்கணும். பழைய புத்தகம் விக்கிறவங்க மாட்டுறது இங்கதான், முன்னால நாலு பக்கம் கிழிஞ்சிருக்கும், பேரு எங்கயும் இருக்காது. கடைசிப் பக்கத்தையும் பாருங்க, பழைய தமிழ் புத்தகத்துல அச்சகத்து பேரு சிலசமயம் அங்கதான் கிடக்கும். வார மாத பத்திரிகை இதுல போகாது. வாங்கினவருக்கு ஆசையா ரெண்டு வரி லெட்டர் எழுதி உள்ள வைக்கறதும் வேண்டாம், வாட்ஸாப்புல சொல்லிக்கிடுங்க. தரைவழியா போற தபால், அதனால ஒரு வாரத்துக்கு மேல ஆனாலும் ஆகும்னு முன்னாடியே சொல்லிருங்க, மூணாம் நாளே எங்கன்னு கேக்க ஆரம்பிச்சா உங்களுக்குத்தான் தலைவலி. அவசரம்னா ஸ்பீடு போஸ்ட், பதிவுத்தபாலையும் 2025ல அதோட சேத்தாச்சு, ஆனா அந்த காசு 60 ரூவா புத்தகத்துக்கு தாங்காது.

கல்குளத்தான்:
ஐயா ரொம்ப நன்றி. பத்திரிகை போகாதுன்னீங்களே, அப்பா வாரப்பத்திரிகையில வந்த தொடர்கதைய வாரா வாரம் கிழிச்சு எடுத்து பைண்டிங் பண்ணி வச்சிருக்காரு, படத்தோட, 14 வால்யூம். அது புத்தகமா பத்திரிகையா?

தபால்ல இருந்தவன்:
நல்ல கேள்விதான் கேட்டீங்க. பைண்டிங் பண்ணினாலும் அது பத்திரிகைத் தாளுதானே, பதிப்பகத்து பேரும் இருக்காது. நான் கவுண்டர்ல இருந்திருந்தா எடுத்திருக்க மாட்டேன். பார்சல்ல போடுங்க, இல்லன்னா நேர்ல குடுங்க.

எடைக்கு எடை:
600 புத்தகத்துக்கு இம்புட்டு ஆராய்ச்சியா. சவத்த எடைக்கு போட்டுட்டு வீட்டு வேலைய பாரும் ஓய், கொத்தனாருக்கு நாள் கூலி என்ன ஓடுதுன்னு தெரியுமா.

கருங்கல் பொண்ணு:
மேல உள்ள அண்ணன் சொல்றத கேக்காதீங்க. நான் கருங்கல், இப்ப கோயம்புத்தூர்ல வேலை, மாசத்துக்கு அஞ்சாறு பழைய புத்தகம் வாங்குறவ. தபால் காசு தனின்னு போட்டா ஓடிப்போறாங்கன்னு சொல்றீங்க, நான் ஓடுறது எப்பன்னு சொல்றேன். விலை 60ன்னு போட்டிருக்கும், சரின்னு சொன்ன பிறகு இன்பாக்ஸ்ல வந்து தபாலுக்கு 70 ஆகும் மேடம்பாங்க, அப்பதான் எரிச்சல். புத்தகம் 60, தபால் 35, இன்னும் ரெண்டு புத்தகம் சேத்தாலும் ஒரு கிலோவுக்குள்ள இருந்தா அதே 35தான்னு மொதல்லயே எழுதிப் பாருங்க, நானே லிஸ்ட்ட மேல கீழ தேடி இன்னும் ரெண்டு எடுப்பேன், 35 குடுக்குறோமே, வீணாக்குவானேன்னு. மத்தவங்களும் அப்படித்தான்.

அப்புறம் போட்டோ. அட்டைய மட்டும் அழகா எடுத்துப் போடாதீங்க, முதுகு, பதிப்பு வருசம் உள்ள பக்கம், ராமபாணப் பூச்சி துளைச்ச ஓட்டை, பேனா கோடு எல்லாத்தையும் போடுங்க. ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சே வாங்குவோம், ஆனா ஒருத்தர் சொல்லாம அனுப்பினாரு, திருப்பி அனுப்புற தபால் செலவு யாரு தலையிலன்னு ஒரு வாரம் சண்டை, கடைசியில நானும் விட்டுட்டேன், இப்ப அவரு லிஸ்ட் பக்கமே போறதில்ல. உங்க அப்பா உள்ள பேரு எழுதி தேதி போட்டிருந்தாருன்னா அத அழிக்காதீங்க, அதுக்குன்னே வாங்குறவங்க இருக்கோம்.

வடசேரி பொஸ்தகம்:
அந்தப் பொண்ணு சொன்னது நூத்துக்கு நூறு. மலையாள புத்தகத்துக்கு பதில் சொல்ல மறந்துட்டேன். நம்ம குமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேந்தது 1956ல, அதுக்கு முன்ன இங்க படிச்சவங்க வீட்டுல எல்லாம் கொஞ்சம் கிடக்கும், இப்ப அடுத்த தலைமுறைக்கு வாசிக்க தெரியாது. தமிழ் குரூப்ல போட்டு பிரயோஜனம் இல்ல. மலையாளம் தெரிஞ்ச ஒருத்தர வச்சு தலைப்ப மலையாளத்துலயே டைப் பண்ணி கேரளா குரூப்ல போடுங்க, இல்லன்னா ஒரு பைய தூக்கிட்டு ரயிலேறி திருவனந்தபுரம் பழைய புத்தக கடையில காட்டிட்டு வாங்க. படிப்புல நம்ம மாவட்டம்தான் தமிழ்நாட்டுல முதல், 2011 கணக்குல 91.75 சதவீதம், ஆனா எங்கிட்ட வாங்குறவங்க முக்கால்வாசி சென்னை, மதுர, கோயம்புத்தூருதான். நம்ம ஆளுவ ஓசியில கேப்பானுவ, வாசிச்சிட்டு தாறேம்பானுவ.

கல்குளத்தான்:
மூணு வாரம் கழிச்சு வாறேன். நீங்க சொன்னபடி கட்டு கட்டா போட்டேன், தபால் காச தனியா மொதல் வரியிலயே எழுதினேன். 6 கட்டு போச்சு, மொத்தம் 31 புத்தகம், தபாலும் வரியும் வாங்கினவங்களே குடுத்துட்டாங்க, டேப்பு கவரு பஸ்சு எல்லாம் போக 1,900 ரூவா கையில நின்னுச்சு. ஒண்ணு மட்டும் எடை தப்பிப் போச்சு, அடுக்களை தராசுல 990 காட்டினது ஆபீஸ்ல 1010, அந்த வித்தியாசம் என் கையில இருந்து. இனி 950க்கு மேல கட்ட மாட்டேன். மலையாளத்துல 22 திருவனந்தபுரத்துல குடுத்தேன், மிச்சம் 18 அவருக்கு வேண்டாமாம், திரும்ப தூக்கிட்டு வந்தேன்.

அம்மா 40 புத்தகம் எடுத்து ஒளிச்சு வச்சிட்டா. அவளுக்கு வாசிக்க கண்ணு தெரியாது, அப்பா கையெழுத்து உள்ளதா பாத்து எடுத்திருக்கா. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கா.

பைண்டிங் 14 வால்யூம் அப்படியே இருக்கு. பார்சல்ல போட்டா காசு ரொம்ப ஆவுது. மார்த்தாண்டம், குளச்சல், நாகர்கோவில் பக்கம் உள்ளவிய நேர்ல வந்து எடுத்துக்கிட்டா விலையில குறைச்சுத் தாறேன், டீயும் உண்டு.

எடைக்கு எடை:
ஓய், அந்த பைண்டிங்ல படம் எல்லாம் இருக்கா? கலர் படமா?

கல்குளத்தான்:
இருக்கு. எடைக்கு தர மாட்டேன்.

எடைக்கு எடை:
எடைக்கு யாரு கேட்டா. சின்னதுல எங்க வீட்டுல வாங்கின பத்திரிகை ஓய், பாதி கதையில அய்யா நிறுத்திட்டாரு, முடிவு என்னன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ஞாயித்துக்கிழமை காலையில வாறேன், வேற யாருக்கும் குடுத்துராதீரும்.