மாடல் ‘ஆபத்து குறைவு’ என்றது, சுருக்குப்பையில் ரெண்டு காலிப் பம்பு

மண்டபம் கரை:
ஆரம்ப சுகாதார நிலையப் பதிவை வச்சு, அடுத்த ஆறு மாசத்துல யாருக்கு இழுப்பு (ஆஸ்துமா) முத்தும்னு கணிக்கிற கம்ப்யூட்டர் மாடல். கருவாடு காயப்போடுற அம்மா ஒருத்தங்களுக்கு ‘ஆபத்து குறைவு’ன்னு வந்துச்சு. காரணம், ‘ஓராண்டில் சால்பியூட்டமால்: 0’. இழுப்பு வந்தா உடனே உறிஞ்சுற பம்பு (இன்ஹேலர்) மருந்துதான் அது. அவங்க சுருக்குப்பையைப் பிரிச்சா ரெண்டு நீலப் பம்பு, ரெண்டும் காலி. சீட்டு இல்லாம மெடிக்கல்ல வாங்கினது. ஒரு பம்புல 200 பஃப். வருஷத்துல மூணு பம்பு காலியானாலே ஆபத்து கூடுதுன்னு ஜினா (GINA) என்கிற உலக ஆஸ்துமா வழிகாட்டி சொல்லுது. பிரிட்டன்ல டாக்டர் சீட்டு அப்படியே கம்ப்யூட்டர்ல ஏறிடும், அதனால அங்கே இந்த எண்ணிக்கையை நம்பலாம். இங்கே 0-ன்னா ‘தெரியாது’ன்னுதான் அர்த்தம். ‘வாங்கவே இல்லை’, ‘தெரியாது’ ரெண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்க. காலிப் பம்பை எப்படி எண்ணிப் பதிவுல ஏத்துறது?

தொண்டி முனை:
பம்பு மட்டுமா? ‘99 சதவீதம் சரி’ன்னு ஒரு அட்டவணை வந்துச்சு. உள்ளே பார்த்தா பிரெட்னிசோலோன் (இழுப்பு முத்தினா குடுக்கிற ஸ்டீராய்டு மருந்து) கட்டம், அதுவும் இழுப்பு வந்த அன்னைக்கே எழுதினது. வினாத்தாளோட விடைத்தாளையும் சேர்த்துக் குடுத்த மாதிரி. கணிக்கிற தேதிக்கு முந்தின பதிவை மட்டும் மாடலுக்குக் குடுக்கணும். ஒரே ஆளோட வருகைகளைப் பிரிச்சு, பாதியைப் பயிற்சிக்கும் பாதியைச் சோதனைக்கும் வைக்கவும் கூடாது. அந்தப் பிரெட்னிசோலோன் கட்டத்தை எடுத்துட்டுப் பார்த்தா மதிப்பெண் சரசரன்னு இறங்கிருச்சு.

கீழக்கரை:
தொண்டிக்காரரே, அந்த 99-ஐயே விடுங்க. ஒரு கணக்குக்கு 1000 பேர்ல 20 பேருக்கு இழுப்பு வரும்னு வைங்க. ‘யாருக்கும் வராது’ன்னு சொன்னாலே 98 சதவீதம் சரி! வர்றவங்கள்ல 80 சதவீதத்தையும், வராதவங்கள்ல 80 சதவீதத்தையும் சரியாச் சொல்ற மாடல் 16 பேரைப் பிடிக்கும். கூடவே 196 பேரைச் சும்மா பயமுறுத்தும். 212 வீட்டுக்கு எந்த நர்சம்மா நடப்பாங்க? எத்தனை வீடு முடியும்னு அவங்ககிட்ட கேட்டுட்டு, அப்புறம் எந்த அளவுக்கு மேல போனா ‘ஆபத்து’ன்னு சொல்றதுங்கிற வரம்பை வைங்க.

பாம்பன் வாடை:
எல்லாரும் கணக்கையே பேசுறீங்க. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகுக்காரங்க ஊர்ல இருப்பாங்க. மத்த மாசம் கடல்ல. வருகை இல்லைங்கிறதை ‘நலம்’னு மாடல் படிச்சுக்கும். நைட்டு முத்தினா நேரா ராமநாதபுரம் தனியார்ல நெபுலைசர் வச்சுட்டு வந்துடுவாங்க, அதுவும் பதிவுல கிடையாது. பயிற்சிக்குக் குடுக்கிற விடையே தப்பு. அதோட பீக் ஃப்ளோ (மூச்சை எவ்வளவு வேகமா ஊத முடியுதுங்கிற அளவு) எடுக்கிறப்ப நின்னு, மூச்சை நிறைய இழுத்து, ஒரே மூச்சுல வேகமா ஊதணும். மூணு தடவையில பெருசு எதுவோ அதை எழுதணும். சராசரி போடாதீங்க. ஸ்பேசரை (பம்புல மாட்டி மருந்தை இழுக்கிற குழாய்) சோப்புத் தண்ணியில அலசித் தானாக் காய விடுங்க. துணியால துடைச்சா மின்னேற்றம் பிடிச்சு மருந்து சுவர்லயே ஒட்டிக்கும். பம்பு ஒவ்வொரு பஃப்புக்கும் முன்னாடி…

மண்டபம் கரை:
அண்ணே, ஸ்பேசர் நான் கேக்கலை. காலிப் பம்பை எண்ணுறதுதான் கேள்வி. ஆட்டிப் பார்த்து நம்பக் கூடாது. மீதி எத்தனை பஃப்னு காட்டுற எண்ணி இல்லாத பம்பு 200 முடிஞ்சும் வாயுவை மட்டும் பீச்சிக்கிட்டே இருக்கும். வாங்கின தேதியை மார்க்கர்ல பம்பு மேலேயே எழுதச் சொன்னா, பதிவேட்டுல ஏத்த ஒரு எண்ணாவது கிடைக்கும்.