ஆடியோகிராம் நார்மல், ஆனா காதுல ஓயாத இரைச்சல். ஏன்?

தறிக்காரன், பல்லடம்:
நாலஞ்சு வருசமா நாடா தறி ஓட்டறனுங்க. கொஞ்ச நாளா ரெண்டு காதுலயும் 'ஙொய்'ங்குது. தறிகுடோன்ல தெரியறதில்ல, ராத்திரி படுத்தாத்தான் தொல்லை. ஆடியோகிராம் எடுத்த டாக்டர் காது நல்லா இருக்குன்னுட்டார். அப்ப இந்தச் சத்தம் எங்கிருந்துதானுங்க வருது?

கேட்பியல் அக்கா:
தம்பி, நான் ஆடியோலஜிஸ்ட். எங்கப்பாவும் தறி ஓட்டினவர்தான், அதனால இந்தக் கேள்வியைச் சும்மா தாண்டிப் போக முடியல. எவ்வளவு மெல்லிய ஒலி வரைக்கும் கேக்குதுன்னுதான் ஆடியோகிராம் காட்டும். நரம்பு இணைப்புகள்ல பல அறுந்திருந்தாலும் அதுல தெரியாமப் போகலாம். 2009-ல் ஷாரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மேனும் சுண்டெலிகளைப் பெருஞ்சத்தத்துல வெச்சுப் பார்த்தாங்க. கேட்கும் திறன் மீண்டுருச்சு. ஆனா உள்காதுல, உச்ச சுருதிப் பகுதியில, ஒலியை உணர்ற மயிர்ச்செல்லை நரம்போட சேர்க்கிற இணைப்புகள்ல ஏறக்குறைய பாதி திரும்பி வரல.

காதுல இருந்து வர்ற தகவல் குறைஞ்சா மூளை தன் வால்யூமை ஏத்திக்குதுங்கிறதுதான் இப்போ பலமா நிக்கிற விளக்கம். சத்தமே இல்லாதப்பவும் நரம்புச் செல்கள் துடிச்சுட்டேதான் இருக்கும். வால்யூம் ஏறினதும் அந்தத் துடிப்பே ஒலியாக் கேக்குது. கேட்பு நரம்பையே வெட்டின பிறகும் பலருக்கு இரைச்சல் போகலைங்கிறது இதுக்கு வலுவான சான்று.

மதுரை வாசகி:
பல்லைக் கடிச்சா எனக்குச் சத்தம் ஏறுதே அக்கா? பயமா இருக்கு.

கேட்பியல் அக்கா:
பலருக்கும் அப்படித்தாம்மா, பயப்படாதே. மூளைத்தண்டுல காதுச் செய்தி முதல்ல போய்ச் சேர்ற இடத்துக்கே தாடை, முகத்துல இருந்து வர்ற நரம்புச் செய்தியும் வருது. ஒண்ணு இன்னொண்ணைத் தூண்டிவிடும். ஆனா நாடித்துடிப்போட சேர்ந்து கேட்டாலோ, ஒரே காதுல மட்டும் இருந்தாலோ டாக்டர்கிட்ட காட்டணும். திடீர்னு காது கேக்காமப் போனா அன்னிக்கே போயிரு.

தறிக்காரன், பல்லடம்:
ராத்திரில மட்டும் ஏனுங்க்கா?

கேட்பியல் அக்கா:
அதை மூடி மறைக்க வேற சத்தம் இல்லாததாலதான். 1953-ல் ஹெல்லரும் பெர்க்மனும் காது நல்லாக் கேக்கிற 80 பேரை ஒலிபுகா அறையில உக்கார வெச்சாங்க. 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாச் சொன்னாங்க. அதனால ஃபேனை ஓட விட்டுத் தூங்கு, வீட்ல காதை அடைக்காதே. தறிகுடோன்ல மட்டும் காதடைப்பான் இல்லாம நிக்கவே கூடாது. 85 டெசிபல்ல 8 மணி நேரம்தான் எல்லை. அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகுது. நாடா தறிச்சத்தம் 85-ஐ எப்பவோ தாண்டியிருக்கும் தம்பி. கூட வேலை செய்யறவங்களுக்கும் சொல்லு.