ஃப்ளையிங் டைகர்ஸ் டி-ஷர்ட்: இதில் என்ன தப்பு இருக்கிறது?

கடைக்குட்டி:
அண்ணனுக்கு அடுத்த மாதம் ஐம்பது வயது. பிளாஸ்டிக் விமான மாடல் ஒட்டுவதுதான் அவருக்கு உலகமே. ஒரு பழைய பாணி டி-ஷர்ட் பார்த்து வைத்திருக்கிறேன்: வெளுத்த காக்கி நிறம், நெஞ்சில் சுறா வாய் வரைந்த பி-40 போர் விமானம், இறக்கையில் அமெரிக்க வெள்ளை நட்சத்திரம், கீழே வளைவாக 'ஃப்ளையிங் டைகர்ஸ் 1941–1945'. எனக்கு அழகாகத்தான் தெரிகிறது, ஆனால் இந்த மனுஷன் ஒரு ஆணி தப்பாக இருந்தாலும் சட்டையை மடித்து பீரோவுக்குள் போட்டுவிடுவார். வாங்கலாமா?

பசையும்பெயின்ட்டும்:
வேண்டாம், ஒரே நிமிஷத்தில் இரண்டு தப்பைப் பிடித்துவிடுவார். ஒன்று வருஷம். ஃப்ளையிங் டைகர்ஸ் என்பது இரண்டாம் உலகப்போரில் சீனாவுக்காக ஜப்பானை எதிர்த்துப் பறந்த, க்ளேர் ஷெனால்ட் நடத்திய அமெரிக்கத் தன்னார்வப் படை. அது முதலில் சண்டை போட்டது 1941 டிசம்பர் 20, சீனாவின் குன்மிங் வானத்தில். கலைத்தது 1942 ஜூலை 4. ஏழு மாதம்கூட முழுதாக இல்லை! அதற்குப் பின் வந்த அமெரிக்க ராணுவத்தின் 23வது ஃபைட்டர் குரூப்பையும் 14வது விமானப்படையையும் அதே பெயரில் கூப்பிட்டதால் 1945 வரை இழுத்துவிடுகிறார்கள். இன்னொன்று நட்சத்திரம். அமெரிக்கப் படையிலிருந்து விலகி, ஒரு விமானக் கம்பெனி ஊழியர் என்று ஒப்பந்தம் போட்டு, சீன விமானப்படைக்காகப் பறந்தவர்கள் இவர்கள். இறக்கையில் இருந்தது நீல வட்டத்துக்குள் பன்னிரண்டு முனை வெள்ளைச் சூரியன். சுறா வாய் சரி, ஆனால் அதுவும் இரவல்தான், வட ஆப்பிரிக்காவில் பறந்த பிரிட்டிஷ் 112வது ஸ்குவாட்ரன் விமானத்தின் படத்தைப் பார்த்து வரைந்தது, அவர்கள் வரைந்தது ஜெர்மன்காரனைப் பார்த்து. டிஸ்னி ஓவியர்கள் வரைந்து கொடுத்த சின்னம் ஒன்று உண்டு, 'வி' எழுத்துக்குள்ளிருந்து பாயும் சிறகு முளைத்த புலி. அது போட்ட சட்டையாகப் பாருங்கள்.

நேர்ப்பேச்சு:
தன்னார்வப் படையாம்! மாதம் 600 டாலர், ஸ்குவாட்ரன் தலைவருக்கு 750, விழுத்தும் ஒவ்வொரு ஜப்பான் விமானத்துக்கும் 500. எங்கள் ஊரில் இதற்குக் கூலிப்படை என்று பெயர்.

ரங்கூன்பேரன்:
கூலியோ தொண்டோ, 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தபோது மேலே எதிர்த்துப் பறந்தது இவர்களில் ஒரு ஸ்குவாட்ரனும் பிரிட்டிஷ்காரர்களின் பஃபலோ விமானங்களும்தான். தாத்தா அப்போது அங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். பிறகு பர்மாவின் புரோமிலிருந்து மலை ஏறி டாங்கப் வரை நடந்து, படகு பிடித்து சிட்டகாங் வந்தவர். எந்த விமானம் யாருடையது என்றெல்லாம் அவருக்குத் தெரியாது, சத்தம் கேட்டால் குழிக்குள் படுப்போம் என்பார், அவ்வளவுதான்.

வடமராட்சி:
ஒன்று சொல்ல வேணும். புலிப் படச் சட்டையோடு இலங்கைக்கு, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்து இறங்காதேங்கோ. சிறகு இருக்கு எண்டு விளக்கம் சொல்ல நேரம் கிடைக்காது.

பனியன்கம்பெனி:
திருப்பூரிலிருந்து சொல்கிறேன். ரெடிமேடாகத் தேடாமல் ஒரு சட்டை அடித்துக்கொள்ளுங்கள். பழசு மாதிரி தெரியப் படத்திலேயே வெடிப்பு வரைந்து கெட்டியான பிளாஸ்டிசால் மையில் அடிப்பார்கள், அதற்குச் சரியாகச் சூடு காட்டவில்லை என்றால் நாலு துவையலில் நிஜமாகவே வெடிக்கும். 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) காட்டன், பயோ வாஷ் செய்தது (என்சைமில் அலசி மிருதுவாக்கியது), அதில் டிஸ்சார்ஜ் பிரிண்ட் கேளுங்கள். துணியின் சாயத்தையே எடுத்துவிட்டு நிறம் ஏறும், தடவினால் பிரிண்ட் இருப்பதே தெரியாது. துணியின் சாயம் அதற்கு ஒத்துவருமா என்று முதலில் ஒரு துண்டில் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பசையும்பெயின்ட்டும்:
அப்படியானால் முதுகிலும் ஒன்று போடலாம். அந்த விமானிகள் ஜாக்கெட் முதுகில் சீனக் கொடியோடு ஒரு துணி தைத்திருப்பார்கள். சண்டையில் உதவ சீனாவுக்கு வந்த வெளிநாட்டவர் இவர், படையினரும் மக்களும் இவரைக் காப்பாற்றுங்கள் என்று சீன எழுத்தில் இருக்கும். விமானம் விழுந்து எங்காவது வயலில் கிடந்தால் ஊர்க்காரர்கள் அடையாளம் தெரிந்துகொள்ள.

கடைக்குட்டி:
எல்லோருக்கும் நன்றி. முன்னால் டிஸ்னி புலி, வருஷம் 1941–42, பின்னால் அந்தத் துணி என்று முடிவாகிவிட்டது. அண்ணியிடம் காட்டினேன். அண்ணன் மார்க்கெட்டுக்குப் போனால் வழி மறந்து நிற்கிற ஆள், அந்தச் சீன எழுத்துக்குக் கீழேயே என் போன் நம்பரையும் அடிக்கச் சொல் என்கிறார்.