குறுந்தொகைப் பாடலை மாணவர்களே விவாதிக்கும்படி நடத்துவது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். கபிலர் பாடிய குறுந்தொகை 25ஆம் பாடலை மாணவர்களே பேசி விவாதிக்கும்படி நடத்த உங்கள் ஆலோசனை தேவைப்படுகிறது.

தலைவன் தன்னைக் கூடியபோது வேறு எவரும் இல்லை, ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்திருந்த, தினைத்தாள் போன்ற கால்களையுடைய குருகு என்ற நீர்ப்பறவை மட்டுமே இருந்தது என்கிறாள் தலைவி. அந்தச் சாட்சியை அவள் நம்புகிறாளா, நொந்துகொள்கிறாளா என்று கேட்டால், உரைநூல் விளக்கத்தையே மாணவர்கள் ஒப்பிக்கிறார்கள். பட்டிமன்றமாக இரு அணி பிரித்தாலோ, நன்றாகப் பேசும் இரண்டு மூன்று பேரே நேரம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறார்கள். பாடலைவிடக் கைதட்டல் பெரிதாகிவிடுகிறது (பட்டிமன்றத்தின் இயல்பே அதுதானே).

தனியே சிந்தித்து, அருகிலிருப்பவரோடு பேசி, பிறகு வகுப்பில் பகிரும்படி கல்வியாளர் பிராங்க் லைமன் 1981இல் முன்வைத்த முறை ஓரளவு கைகொடுக்கிறது. கேள்வி கேட்டபின் குறைந்தது 3 வினாடி காத்திருக்கச் சொன்ன கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவின் பரிந்துரையால் கூச்சமுள்ளவர்களும் வாய் திறக்கிறார்கள். ஆனால், அறுபது பேர் உள்ள வகுப்பில் எல்லோரும் என்னைப் பார்த்தே பதில் சொல்கிறார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தோ வளர்த்தோ பேசுவதில்லை.

உள்வட்டத்தினர் பேச, வெளிவட்டத்தினர் கவனித்துக் குறிப்பெடுக்கும் முறையைக் கையாண்டவர்கள் இருந்தால், பெஞ்சுகளை நகர்த்த முடியாத அறையில் அதை எப்படிச் செய்தீர்கள், வெளிவட்டத்தினருக்கு என்ன வேலை கொடுத்தீர்கள், மதிப்பெண் வழங்கினீர்களா என்பதை விளக்க வேண்டுகிறேன்.